கடலடியில் வந்த காமிக்ஸ்

பீட்டர் குவில் பிறந்தது 1976 ஜனவரி தேதியிட்ட ஓர் அமெரிக்க இதழில். மார்வெல் நிறுவனம் அப்போது ‘மார்வெல் பிரிவியூ’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளையில் பெரிய அளவு இதழ் ஒன்றை நடத்திவந்தது. அதன் 4ஆவது இதழில் ‘ஸ்டார்-லார்ட்’ என்ற விண்வெளி நாயகனாக அவன் முதன்முதலில் தலைகாட்டினான். கதை ஸ்டீவ் எங்கல்ஹார்ட். படம் பிலிப்பைன்ஸ் ஓவியர் ஸ்டீவ் கேன். எங்கல்ஹார்ட்டுக்கு ஜோதிடத்தில் ஈடுபாடு உண்டு. கிரகங்கள் அபூர்வமாகக் கூடும் வேளையில் ஒரு குழந்தை பிறக்கிறது. சிடுசிடுப்பும் தனிமையுமாக வளர்கிறது. பிறகு சூரியனிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிரகமாக வெளியே போகப்போக மனம் பழுத்து முழு மனிதனாகிறது. இதுதான் அவர் போட்டுவைத்த திட்டம். ஆனால் முதல் கதை முடிந்ததுமே அவர் மார்வெலை விட்டு விலகிவிட்டார். ஜாதகம் எழுதியவர் போய்விட, பிள்ளை வேறு கைகளுக்குப் போனது. 1977இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஜான் பைர்ன் வரைய, அவன் வேறொரு ஆளானான்.

அவனுடைய நிரந்தரக் கூட்டாளி ராக்கெட்டும் அதே 1976இல், அதே ‘மார்வெல் பிரிவியூ’வின் 7ஆவது இதழில் பிறந்தான். பில் மாண்ட்லோ எழுதி கீத் கிஃபன் வரைந்த அந்தக் கதையில் பேசும் ரக்கூன் ஒன்று துப்பாக்கியோடு வந்து நின்றது. இருவரும் ஒரே அணியில் சேர இன்னும் 30 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2008இல் டான் அப்னெட்டும் ஆண்டி லானிங்கும் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’யைப் புதிதாக உருவாக்கினார்கள். 2014இல் அது திரைப்படமானது. படம் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது. இதையெல்லாம் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடலாம். சினிமா கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. படமாகவே வாழ்ந்த ஸ்டார்-லார்ட் ஒரு கட்டத்தில் உருவத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலாக மட்டும் ஆனான். அப்படிக் குரலானதால்தான், பிறந்து 47 ஆண்டு கழித்து, இந்தி பேசிக்கொண்டு அவனால் வங்காள விரிகுடாவைக் கடந்து எங்கள் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு வர முடிந்தது.

அந்த மாற்றத்தின் வேர் 2008இல் இருக்கிறது. மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த ‘ஓல்ட் மேன் லோகன்’ தொடர் அந்த ஆண்டு வந்தது. வில்லன்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்து நாயகர்களை வீழ்த்திவிட்டால் என்ன ஆகும்? அவர்கள் அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆன பிறகு, மிஞ்சிய ஒரு கிழவனின் கதை அது. 2019இல் அதே பாழ்நிலத்தில் ஈதன் சாக்ஸ் ‘ஓல்ட் மேன் குவில்’ எழுதினார். 2021 ஜூனில் மார்வெலும் சிரியஸ் எக்ஸ்.எம். வானொலி நிறுவனமும் சேர்ந்து ‘வேஸ்ட்லாண்டர்ஸ்’ என்ற ஒலி நாடக வரிசையைத் தொடங்கின. முதல் தொடரே முதிய ஸ்டார்-லார்டைப் பற்றியது. பெஞ்சமின் பெர்சி எழுதினார். கிம்பர்லி சீனியர் இயக்கினார். டிமோதி பஸ்ஃபீல்ட் குவிலாகவும் கிறிஸ் எலியட் ராக்கெட்டாகவும் பேசினார்கள். முதுமையும் இடுப்பு வலியும் பழைய பெருமையுமாக, எந்நேரமும் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு நண்பர்கள் பாழாய்ப்போன பூமியில் வந்து விழுகிறார்கள். அங்கிருந்து கதை நகர்கிறது.

முதியவர்களின் கதையை ஒலிக்குத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்பது என் எண்ணம். முகத்து ஒப்பனையில் காட்டும் வயதைவிடக் குரலில் தெரியும் வயது ஆழமானது. மூச்சு வாங்குவது, சொல் வருவதற்கு முன் ஒரு கணம் தயங்குவது, சிரிப்பு இருமலில் முடிவது எல்லாமே கேட்பவரின் காதுக்குள்ளேயே நடக்கிறது. ரக்கூனைத் திரையில் நடமாடவிட 2014இல் கணினிகள் எத்தனையோ இரவு பகல் உழைத்தன. ஒலிவாங்கிக்கு முன்னால் மனிதனைப் பேசவைப்பதும் ரக்கூனைப் பேசவைப்பதும் ஒரே செலவு. விண்கலம் நொறுங்குவதற்கும் கதவு சாத்துவதற்கும் அங்கே பெரிய விலை வித்தியாசம் கிடையாது. அறிவியல் புனைகதைக்கு இதைவிடத் தோதான மேடை வேறு எது?

ஆனால் எழுதுபவருக்குச் சிக்கல் உண்டு. காமிக்ஸில் ஒரு கட்டம் வரைந்தால் போதும்: யார் எங்கே நிற்கிறார், வானம் என்ன நிறம், கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். ஒலியில் யாராவது அதைச் சொல்லியாக வேண்டும். “அதோ பார், ஒரு பெரிய சிவப்பு ரோபோ துப்பாக்கியோடு நம்மை நோக்கி வருகிறது” என்று பாத்திரங்கள் பேசினால் கேட்பவருக்கு எரிச்சல் வரும். பெர்சி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ரைஜல் கிரகத்தவர்களின் பதிவுக் கருவியான கோரா என்ற ரோபோவை இந்த இருவருடன் அனுப்பினார். நடப்பதைப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. அவள் விவரித்தால் அது செயற்கையாகத் தோன்றாது. கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல ஒலி நாடகத்தை அடையாளம் காண ஒரு எளிய வழி: காட்சியைச் சொல்கிறவருக்கு அதைச் சொல்லக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காமிக்ஸிலிருந்து ஒலிக்குப் போவது புதிய பாதையும் அல்ல. நாளிதழ்ச் சித்திரத் தொடராக இருந்த ‘பக் ராஜர்ஸ்’ 1932இலேயே அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலிக்கு வந்துவிட்டது. 1940 பிப்ரவரி 12 அன்று சூப்பர்மேன் வானொலியில் பறக்கத் தொடங்கினான். பட் காலியர் என்ற நடிகர் கிளார்க் கென்டாக மென்மையான மேல்குரலில் பேசுவார். உடை மாற்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் குரலைச் சட்டென்று கீழே இறக்குவார். கேட்பவர்களுக்கு வேறு எந்த அடையாளமும் தேவைப்படவில்லை. சூப்பர்மேனை வீழ்த்தும் பச்சைக் கல்லான கிரிப்டோனைட் எங்கே அறிமுகமானது என்று கேட்டால் பலரும் காமிக்ஸில் என்பார்கள். அது 1943இல் வானொலித் தொடரில் அறிமுகமானது. அச்சுக் காமிக்ஸுக்கு 1949இல்தான் போனது. நிருபர் ஜிம்மி ஓல்சன் பெயரோடு ஒரு பாத்திரமாக உருவானதும் வானொலியில்தான். ஒலி வடிவம் என்றால் மூலத்தின் தேய்ந்த நகல் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்துக்கு ஒலி கடன் கொடுத்திருக்கிறது.

பிரிட்டனில் 1950இல் ‘ஈகிள்’ இதழில் ஃபிராங்க் ஹாம்ப்சன் உருவாக்கிய விண்வெளி வீரன் டான் டேர், மறு ஆண்டே ரேடியோ லக்ஸம்பர்க்கில் பேசத் தொடங்கி 1956 வரை பேசினான். நிகழ்ச்சியை வழங்கியவர்கள் ஹார்லிக்ஸ்காரர்கள். நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுத்த அதே ஹார்லிக்ஸ்தான். பிறகு பி.பி.சி.யில் டிர்க் மேக்ஸ் என்ற தயாரிப்பாளர் 1988 முதல் சூப்பர்மேன், பேட்மேன், ஜட்ஜ் டிரெட் என்று ஒவ்வொருவரையாக ஒலிக்குக் கொண்டுவந்தார். திரைப்படம்போல அடுக்கடுக்கான ஒலிகளைக் கோத்து வானொலிக்குப் படைத்தார். இன்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாம் கேட்கும் ஒலி நாடகங்கள் பெரும்பாலும் அவர் போட்ட தடத்தில் நடப்பவை.

ஸ்டார்-லார்டிடம் திரும்புவோம். ஆங்கிலத் தொடர் வெற்றி பெற்றதும் ஆடிபிள் நிறுவனம் அந்த வரிசையை வேறு மொழிகளில் புதிதாக நடித்துப் பதிவு செய்தது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஜப்பானியம், இந்தி என்பவை அந்த ஐந்து மொழிகள். இந்தியில் ‘ஸ்டார்-லார்ட்’ 2023 ஜூன் 28 அன்று வெளியானது. சைஃப் அலி கான் குவிலாகவும் விரஜேஷ் ஹிர்ஜி ராக்கெட்டாகவும் பேசினார்கள். மந்த்ரா இயக்கினார். அதே வரிசையில் கரீனா கபூர் பிளாக் விடோவாகவும், ஜெய்தீப் அலாவத் ஹாக்ஐயாகவும், ஷரத் கேல்கர் வுல்வரினாகவும் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்பாட்டிஃபையில் அமித் சாத் குரலில் ‘பேட்மேன் ஏக் சக்ரவ்யூ’ வந்து பாதை திறந்திருந்தது.

சைஃபின் குவிலில் ஒரு அலட்சியமான சோம்பல் இருக்கிறது. வாழ்ந்து கெட்ட ஜமீன்தார் பேசுவதுபோல, தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ளாமல் இழுத்து இழுத்துப் பேசுகிறார். ஹிர்ஜியின் ராக்கெட் அதை வெட்டி வெட்டிப் பதில் சொல்கிறான். மொழிபெயர்த்த வசனம் என்று தோன்றாத இடங்கள் நிறைய உண்டு. சில இடங்களில் ஆங்கில நகைச்சுவையைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு தடுமாறுவதும் உண்டு. ஆனாலும் வேற்றுக்கிரகக் கதை ஒன்று நம் நாட்டுச் சண்டையின் தாளத்தில் காதில் விழுவது மகிழ்ச்சியான அனுபவம்.

இனி அது தீவுக்கு வந்த வழி.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்; பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்) நேர்க்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர் கடல். ஹாடோ துறைக்கு வரும் பயணிகள் கப்பல் இதைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். தமிழ்ப் புத்தகம், வார இதழ், காமிக்ஸ் எல்லாம் மூட்டையோடு மூட்டையாக இந்தக் கப்பல்களில்தான் வந்தன. புயல் சின்னம் உருவானால் கப்பல் நிற்கும்; தொடர்கதையும் நிற்கும். அச்சு தாமதமான ஊரில் ஒலிக்குத்தான் முதல் மரியாதை. 1963இல் தொடங்கிய போர்ட் பிளேர் வானொலி 684 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் இந்தியோடு வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி மொழிகளிலும் பேசியது. தமிழ்ப் பாட்டு வரும் நேரத்துக்கு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஆள் கூடுவது தீவில் பழைய வழக்கம்.

இணையம் வந்த பிறகும் பல ஆண்டு அது செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் அதே தூரம் திரும்பி வர, ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். அதைவிடப் பெரிய பிரச்சினை அகலம். முழுத் தீவுக்கூட்டமும் பங்கிட்டுக்கொள்ளும் அளவு மிகக் குறைவு, விலையோ அதிகம். ஒரு பாட்டு இறங்குவதற்குள் பொறுமை போய்விடும்.

2018 டிசம்பர் 30 அன்று கடலடிக் கண்ணாடி இழைத் தடத்துக்குப் போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து சுவராஜ் தீப், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களுக்கும் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். செலவு 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். பொறுப்பேற்க, ஜப்பானின் என்.இ.சி. பதித்தது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 200 கிகாபிட் கொள்ளும் தடம் இரண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் சென்னைக் கரையில் புறப்பட்ட சைஃபின் குரல் தீவின் கரையேற நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. கப்பலில் மூன்று நாள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

கேபிள் வந்ததும் தீவு முழுவதும் ஒரே நாளில் வேகம் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. கரையேறும் இடத்திலிருந்து உள்ளே போகப்போக சிக்னல் மெலியும். இங்கேதான் ஒலி நாடகம் தன் பலத்தைக் காட்டுகிறது. ஒரு மணி நேர ஒலியை நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் வைத்தால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே ஒரு மணி நேரத்துக்குக் காணொளி வேண்டுமானால் அதைப்போல இருபது முப்பது மடங்கு வேண்டும். போர்ட் பிளேரில் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் பத்து அத்தியாயத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் போதும். ஜிர்காடாங்கில் வண்டிகள் கூட்டமாகப் புறப்படும் கான்வாய்க்குக் காத்திருக்கும்போதும், ஜாரவா காப்புக்காட்டைக் கடக்கும்போதும், படகில் ஏறி இறங்கும்போதும், மாயாபந்தர் தாண்டி திக்லிபூர் போய்ச்சேரும் வரைக்கும் கதை அறுபடாது. அந்தக் காப்புக்காட்டுச் சாலையில் கேமராவை எடுக்கத் தடை. காதைத் திறந்து வைக்கத் தடையில்லை. லிட்டில் அந்தமானின் ஹட் பே போகும் இரவுக் கப்பலிலும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். இருட்டும் நீளமான மாலைகளும் கேட்பதற்கென்றே அமைந்தவை. விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஓர் அத்தியாயம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ரக்கூனும் வேறு நிறத்தில் இருக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். அதில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்களும் உண்டு. வீட்டில் தமிழ், அபர்டீன் பஜாரிலும் பள்ளி மைதானத்திலும் படகுத்துறையிலும் இந்தி. எல்லா மொழிக்காரரையும் சேர்க்கும் பாலம் அந்தமான் இந்திதான். ஆகவே சைஃபின் ஸ்டார்-லார்ட் இங்கே யாருக்கும் அந்நியமில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள். ஆனால் ஆடிபிளின் அந்த ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை. வேற்றுக்கிரகத்தவர் இந்தியில் பேசுகிறார்கள், ஜப்பானியத்தில் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குள் பேசும் மொழியில் பேசுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வருத்தத்துக்குக் காரணம், தமிழிடம் இதற்கான எல்லாச் சரக்கும் இருப்பதுதான். நம்மைப்போல் காதால் படம் பார்த்தவர்கள் யார்? ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகள் கோயில் கொடையிலும் கல்யாணப் பந்தலிலும் முழுக்க முழுக்க ஓடின. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். வானொலியின் ஒலிச்சித்திரத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

அறிவியல் காமிக்ஸும் நம்மிடம் உண்டு. 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் கென்னத் புல்மர் எழுதி, பார்சிலோனா ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த ‘ஸ்டீல் கிளா’ தொடர் தொடங்கியது. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். 1972இல் சிவகாசியில் அச்சு மை மணத்தோடு, சௌந்தரபாண்டியனின் முத்து காமிக்ஸ் முதல் இதழாக அது ‘இரும்புக்கை மாயாவி’ என்று வந்தது. அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் சொந்த நாட்டில் பாதி மறக்கப்பட்ட அந்த ஆளைத் தமிழ் அரை நூற்றாண்டாகத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

மாயாவியைப்போல் ஒலி நாடகத்துக்குப் பொருந்தும் நாயகன் வேறு யாரும் இல்லை என்பேன். கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் படத்தில் காட்டுவது ஓவியருக்குப் பெரும்பாடு. அந்தரத்தில் மிதக்கும் கையை வரைந்துதான் சமாளிக்க வேண்டும். ஒலியிலோ எல்லா மனிதர்களும் கண்ணுக்குத் தெரியாதவர்களே. மின்சாரத்தின் சிடுசிடுப்பு, சட்டென்று ஒரு அமைதி, காலடி ஓசை, பிறகு கதவின் இரும்புப் பிடியில் இன்னொரு இரும்பு உரசும் சத்தம். அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும், வில்லனுக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம்.

செய்வதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். ‘ஸ்டீல் கிளா’வின் உரிமை இன்று பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது, 2021இல் அவர்கள் பழைய கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களுடைய ‘2000 ஏ.டி.’ காமிக்ஸ்களான ஜட்ஜ் டிரெட்டும் ஹேலோ ஜோன்ஸும் அதே 2021இல் பெங்குவின் வழியாக ஒலி நாடகங்களாக வந்தன. ஆகவே ஒலி அவர்களுக்குப் புதிதல்ல. சிவகாசியில் லயன்-முத்து காமிக்ஸ் இன்றும் இயங்குகிறது. தமிழில் மாயாவி எப்படிப் பேசுவான் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சென்னை, திருச்சி வானொலி நிலையங்களில் நாடகம் போட்டுப் பழகிய குரல்கள் இருக்கின்றன. டப்பிங் கலைஞர்களுக்கோ தமிழில் பஞ்சமே இல்லை. பணம் போடுகிறவர்கள் மும்பையிலிருந்து தெற்கே ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

பத்து அத்தியாயம் வேண்டாம், மூன்று போதும். சிவகாசியும் சென்னையும் சேர்ந்து அதைப் பதிவு செய்யட்டும். முதல் ஒலிபரப்பைப் போர்ட் பிளேர் வானொலியின் தமிழ் நேரத்துக்குக் கொடுங்கள். கேபிள் இருக்கிறது, 684 கிலோஹெர்ட்ஸும் இருக்கிறது, மாலை 5 மணிக்கே இருட்டியும் விடுகிறது. கேட்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.